ஸ்காபரோவில் முதல் ஆண்டு: பத்திரம், கதவு, சத்தம்

அம்மா கனடாவுக்கு வந்த முதல் இரவு, படுக்கப் போகுமுன் ஒரு கைப்பையைத் தலைமாட்டில் வைத்தார். கடவுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதியின் பிரதி, இரத்த அழுத்த மாத்திரை, ஒரு துவாய், மாற்றுடுப்பு ஒரு சோடி. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளில் பழகிய பழக்கம். "இது கனடா அம்மா, இனி இதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லிப் பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். விடிந்து பார்த்தால் பை பழையபடி தலைமாட்டில் இருந்தது.

அன்று எனக்கு விளங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன். நாடு மாறினால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி வருவதில்லை. எந்தப் பத்திரம் எதற்கு உதவும், நம் கதவை யார் திறக்கலாம், இரவில் கேட்கும் அந்தச் சத்தம் என்ன என்று ஒவ்வொன்றாக அறிந்து அறிந்துதான் உடம்பு நம்பத் தொடங்குகிறது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டங்களில் பெரும்பாலானவை ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் பொதுவானவை. மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டனில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

முதல் இரண்டு வாரம்: பத்திரங்கள்

முதல் வேலை சமூகக் காப்புறுதி எண். எல்லோரும் 'சின்' என்றே சொல்வார்கள். ஒன்பது இலக்கம். சேர்விஸ் கனடா அலுவலகத்துக்கு நேரில் போனால் பெரும்பாலும் அன்றே தருவார்கள், கட்டணம் இல்லை. 2014 முதல் பிளாஸ்டிக் அட்டை கொடுப்பதில்லை, ஒரு கடிதம் மட்டும்தான். தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் எண் 9 என்ற இலக்கத்தில் தொடங்கும், அதற்கு முடிவுத் திகதியும் உண்டு. வேலை கொடுப்பவருக்கும், வங்கிக்கும், வருமான வரித் திணைக்களத்துக்கும் இந்த எண் தேவை. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொலைபேசியில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

நிரந்தர வதிவிட உரிமையோடு வருகிறவர்கள், வந்திறங்கி 180 நாளுக்குள் கனடா முகவரியைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் நிரந்தர வதிவிட அட்டைக்குப் புதிதாக விண்ணப்பித்துப் பணமும் கட்ட நேரும். உறவினர் வீட்டில் ஒரு மாதம், நண்பர் வீட்டில் ஒரு மாதம் என்று மாறுகிறவர்கள் நிலையாக இருக்கும் ஒரு முகவரியைக் கொடுங்கள். அந்த அட்டை தபாலில்தான் வரும்.

அடுத்தது மருத்துவ அட்டை, ஓஹிப். நான் வந்த காலத்தில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் அம்மாவுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று நேர்ந்துகொண்டிருந்தேன். 2020 மார்ச்சில் அந்தக் காத்திருப்பை நீக்கிவிட்டார்கள். தகுதி உள்ளவர்கள் வந்தவுடனேயே சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். குடிவரவு நிலை, ஒன்ராறியோ முகவரி, அடையாளம் மூன்றுக்கும் அசல் பத்திரம் வேண்டும். அட்டை கிடைத்துவிட்டது என்று உடனே ஊருக்குத் திரும்பிப் போய் மாதக்கணக்கில் தங்காதீர்கள். முதல் 183 நாளில் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மாணவர் அனுமதியில் வருகிறவர்களுக்கு ஓஹிப் கிடையாது. படிக்கும் நிறுவனத்தின் காப்புறுதியை முதல் வாரமே கேட்டு அறியுங்கள்.

அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. கோரிக்கையாளர் ஆவணம் கையில் கிடைத்ததும் மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் தொடங்கும். அந்தத் தாளைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் ஒன்று, நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று வைத்துவிடுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவை அழையுங்கள். "எனக்கு எல்லா அதிகாரிகளையும் தெரியும்" என்று சொல்லிக் கடைக்குப் பின்னால் மேசை போட்டிருப்பவரிடம் உங்கள் கதையை ஒப்படைக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்கிறவர் சட்டத்தரணியாகவோ, உரிமம் பெற்ற பராலீகல் என்னும் சட்டப் பணியாளராகவோ, குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 'கல்லூரி' என்ற அமைப்பில் பதிவானவராகவோ இருக்க வேண்டும். பதிவேடு பொதுவில் இருக்கிறது. பெயரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சொந்தக் கதையில் வேறொருவர் சேர்த்த ஒரு வரி, விசாரணையில் உங்கள் முழு வாக்குமூலத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பிள்ளைகள் இருந்தால் பாடசாலையைத் தள்ளிப்போடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, அதன் பெற்றோருக்கு இங்கே சட்டபூர்வ நிலை இல்லை என்ற காரணத்துக்காகப் பாடசாலை மறுக்க முடியாது. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்திலேயே அது இருக்கிறது. தடுப்பூசிப் பதிவை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.

கதவும் வாடகையும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவதும் அதிகம் பயப்படுவதும் வீட்டு விஷயத்தில்தான்.

நாங்கள் முதலில் எடுத்தது ஒரு பேஸ்மென்ட், வீட்டின் நிலக்கீழ்த் தளம். வீட்டுக்காரர் நம்மவர், அன்பாகப் பேசினார். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, அதற்கு மேல் 'சேதத்துக்கு' என்று 500 டொலர், 12 மாதத்துக்கும் முன்திகதியிட்ட காசோலைகள் என்று கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்தேன். படுக்கையறை ஜன்னல் ஒரு செங்கல் அளவுதான் இருந்தது. கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வட்டமும் இரண்டு கம்பியும் மட்டும். சமைக்கும்போது சத்தம் போடுகிறது என்று முன்பு இருந்தவர்கள் கழற்றிவிட்டார்களாம். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

இப்போது சொல்கிறேன், அதுதான் முதலில் பார்க்க வேண்டிய விஷயம். வீடு பார்க்கப் போனால் சமையலறையைப் பார்க்கும் முன் கூரையைப் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு அருகிலும் புகைக் கருவி இருக்க வேண்டும். எரிவாயுவில் ஓடும் வெப்பமூட்டி உள்ள வீட்டில் கார்பன் மொனொக்சைட் கருவியும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பொத்தானை அழுத்திப் பாருங்கள், கத்த வேண்டும். பிறகு படுக்கையறையில் நின்று, மாடிப்படியில் தீ என்றால் எந்த வழியால் வெளியே போவது என்று உங்களையே கேளுங்கள். ஜன்னலால் போக முடியாது, வேறு கதவும் இல்லை என்றால் அந்த வீடு வேண்டாம். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இனிப் பணம். ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரர் முற்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை ஒன்று மட்டுமே. சேதத்துக்கென்று தனிப்பணம் கேட்பது சட்டவிரோதம். சாவிக்குச் சிறு தொகை வாங்கலாம், திருப்பித் தர வேண்டும். முன்திகதியிட்ட காசோலை கொடுங்கள் என்று வற்புறுத்த முடியாது. 2018 ஏப்ரல் 30 முதல் மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். 'ஒப்பந்தமெல்லாம் எதற்கு, நாங்கள் ஒரே ஊர்தானே' என்று யாராவது சொன்னால், ஒரே ஊர் என்பதாலேயே எழுதிக்கொள்வோம் என்று சொல்லுங்கள். வாடகைக்குப் பற்றுச்சீட்டு கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். கையில் காசாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்காமல் வருவது, கொடுக்காமலே விடுவதற்குச் சமம்.

வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம், 90 நாள் முன்பே எழுத்தில் தர வேண்டும். மாகாணம் ஒவ்வோர் ஆண்டும் ஓர் உச்சவரம்பை அறிவிக்கிறது. 2025இல் அது 2.5 சதவீதம், 2026க்கு 2.1. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புதுக் கட்டடங்களுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. புது மாடிக்குடியிருப்பின் பளபளப்பைப் பார்த்துக் கையெழுத்திடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வன்னியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: உங்கள் கதவை வீட்டுக்காரர் நினைத்தபடி திறக்க முடியாது. திருத்த வேலைக்கோ பார்வையிடவோ வருவதானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் வரலாம். தீ, நீர்க்கசிவு போன்ற அவசரம் விதிவிலக்கு. பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்தவும் முடியாது. 'நாளைக்கே வெளியேறு' என்று கத்தினாலும், வாடகையாளர் நியாயசபையின் உத்தரவு இல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது; உத்தரவு இருந்தாலும் அதை நிறைவேற்றுவது நீதிமன்ற அதிகாரி, வீட்டுக்காரரின் மைத்துனர் அல்ல. தன் சொந்தக் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்றால் குறைந்தது 60 நாள் அறிவித்தல் தர வேண்டும்; ஒரு மாத வாடகை அளவு இழப்பீடும் பொதுவாக உண்டு.

ஒரு முக்கியமான ஓட்டை: வீட்டுக்காரரோடு அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்தோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இல்லை. தனியாக வரும் இளைஞர்கள் பலர் அப்படித்தான் ஓர் அறை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இடைத்தங்கலாக எடுங்கள், தெரிந்துகொண்டு எடுங்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்காரர் வெப்பமூட்டியைக் குறைத்து வைத்தால் சகித்துக்கொண்டு மூன்று போர்வை போட வேண்டியதில்லை. ரொறன்ரோவில் அவர் கட்டுப்பாட்டில் உள்ள வீட்டை 21 பாகையில் வைத்திருக்க வேண்டும். ஒரு சிறு வெப்பமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், திகதியோடு படம் எடுங்கள், எழுத்தில் கேளுங்கள். பயனில்லை என்றால் 311. அது மாநகரசபையின் இலக்கம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

கதவுக்கு உள்ளே

பாதுகாப்பு தேடி வந்த பெண்கள் சிலருக்குப் பயம் வெளியே இல்லை, அதே வீட்டுக்குள் இருக்கிறது. 'நான்தான் உன்னை ஸ்பொன்சர் செய்தேன், ஒரு கடிதம் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்ற மிரட்டலை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அது பொய். துணையால் அழைக்கப்பட்டவர் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது உண்மை. அதை 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பெண், அடிக்கிற கணவனை விட்டுப் பிரிந்தால் அதற்காக அந்த உரிமை பறிபோகாது. உரிமை இன்னும் வரவில்லை, விண்ணப்பம் நடுவழியில் நிற்கிறது என்றாலும், குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்று கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி 2019 முதல் இருக்கிறது.

அவசரம் என்றால் 911. "தமிழ்" என்ற ஒரு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தவறுதலாக அழுத்திவிட்டால் வெட்டிவிடாமல், தவறுதலாக என்று சொல்லுங்கள். வெட்டினால் ஆபத்து என்று எண்ணித் திரும்ப அழைப்பார்கள். அவசரமில்லை, ஒதுங்க ஓரிடம், ஒரு சட்டத்தரணி, ஆலோசனை வேண்டும் என்றால் 211. அதிலும் தமிழில் பேசலாம். கடவுச்சீட்டும் பிள்ளைகளின் பத்திரங்களும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், அவர் பெட்டிக்குள் அல்ல.

சத்தங்கள்

எந்த அரச கையேட்டிலும் இது இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முதலில் வேண்டியது.

செப்டெம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். அந்த வார இறுதியில் ரொறன்ரோவின் ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும். போர்விமானங்கள் தாழப் பறக்கும். அதற்கு முந்திய நாட்களில் ஒத்திகையும் உண்டு. அப்போது அக்காவின் குடும்பம் ஏரிக்கரைக்குப் பக்கத்தில், பார்க்டேலில், ஒன்பதாம் மாடியில் இருந்தது. அம்மா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கே அது நினைவில் இல்லை. முதல் விமானம் கட்டடத்துக்கு மேலால் போனபோது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. நடைபாதையில், இரண்டு சுவருக்கும் நடுவில், நான்கு வயதுப் பேத்தியைக் கீழே போட்டு அவள் மேல் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை பிள்ளையின் பிடரியில். மற்றக் கை ஒரு காதைப் பொத்தியிருந்தது. பிள்ளை அது விளையாட்டு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன்.

மே மாதம் 25க்கு முந்திய திங்கள் விக்டோரியா தினம், ஜூலை 1 கனடா தினம். இரண்டு இரவும் வீட்டு வளவுகளிலேயே வெடி கொளுத்த அனுமதி உண்டு, இரவு 11 மணி வரை. ஷெல் சத்தத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மூளைக்குத் தெரியும். உங்கள் வயிற்றுக்குத் தெரியாது. ஒக்டோபர் 31 மாலை, முகமூடி போட்டவர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். ஹாலோவீன், பிள்ளைகள், இனிப்புக்கு வருகிறார்கள். இனிப்புக் கொடுக்க விருப்பமில்லை என்றால் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், தட்டமாட்டார்கள். மாடிக்குடியிருப்பில் தீ எச்சரிக்கை மணி மாதத்தில் சில தடவை அடிக்கும், பெரும்பாலும் சோதனை. கதவில் ஒட்டிய அறிவித்தலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் இல்லாமல் அடித்தால் சோதனை என்று நினைக்காமல் படியால் இறங்குங்கள். நடுச்சாமத்தில் சுவருக்குப் பின்னால் 'தடக்' என்று கேட்டுப் பிறகு ஊதுவது வெப்பமூட்டி. விடியப்புறம் இரும்பைத் தரையில் இழுப்பது போலக் கேட்பது பனி தள்ளும் வண்டி.

எல்லாவற்றிலும் கொடியது கைத்தொலைபேசியின் அவசர அலறல். 2018 முதல் எல்லாத் தொலைபேசிக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. பிள்ளை காணாமற்போனாலும், சூறாவளி வந்தாலும் அடிக்கும். ஆண்டில் இரண்டு தடவை, வழக்கமாக மே மாதமும் நவம்பரும், சோதனைக்காக அடிப்பார்கள். திகதி செய்தியில் முன்கூட்டியே வரும். அன்று வீட்டுப் பெரியவர்களுக்குக் காலையிலேயே சொல்லுங்கள்.

சொல்லுங்கள் என்பதுதான் முழு மருந்தும். முந்திய நாளே, இன்ன நேரத்துக்கு இன்ன சத்தம் வரும், இத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டால் பயம் பாதியாகிறது. விமானக் கண்காட்சி வார இறுதியில் பெரியவர்களை ஏரிக்கரையிலிருந்து தள்ளி, வடக்கே யாராவது வீட்டில் இருக்கச் செய்யுங்கள். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊரில் ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் சொன்ன பிறகுதான் எல்லாம் நடந்தது.

சொல்லியும் தீராத பயம் உண்டு. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் மாதக்கணக்கில் இருந்தால் உதவி கேளுங்கள். சித்திரவதைக்கும் போருக்கும் உள்ளானவர்களுக்கென்றே 1977இல் ரொறன்ரோவில் தொடங்கிய கனடிய மையம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் சுருக்கமாக சி.சி.வி.டி. என்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 988, எந்த நேரமும். அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் என்பதால் பேசத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது அழையுங்கள்.

உதவி கேட்பதை நம்மவர்கள் மானக்கேடாக நினைக்கிறோம். 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அங்கிருந்த மீனவர்கள் தூக்கிக் கரைசேர்த்தார்கள். நீட்டிய கையைப் பிடித்ததற்காக அவர்களில் எவரையும் நாம் குறைவாக நினைப்பதில்லை.

குளிரும் வைத்தியமும்

முதல் குளிர்கால உடுப்பைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய துணிக் கடைகளில் நல்ல கோட் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் நல்லதாக வாங்குங்கள். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். காற்றோடு சேர்ந்த குளிர் −27 தாண்டினால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறைந்துபோகலாம். காதும் விரல் நுனியும் முதலில். நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்தள்ளிய பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் காரணமில்லாமல் அழுகை வரும், வந்தால் வெட்கப்பட வேண்டாம், நண்பகலில் வெளியே நடவுங்கள்.

குடும்ப வைத்தியர் கிடைக்கத் தாமதமாகும். ஹெல்த் கேர் கனெக்ட் என்ற மாகாணப் பட்டியலில் முதல் மாதமே பெயரைப் பதிவு செய்யுங்கள். அதுவரை, இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காய்ச்சலா என்று கேட்க 811. தாதி ஒருவர் இரவு பகல் எந்நேரமும் பேசுவார். ஓஹிப் இல்லாதவர்கள் சமூக நல நிலையங்களைத் தேடுங்கள்; ஸ்காபரோவின் மல்வேர்னில் உள்ள தைபு அப்படியான ஒன்று. எங்கே போனாலும் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். தாயின் கருப்பைக் கட்டியைப் பற்றி அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்பு எடுக்கும்போதே கேளுங்கள்.

ஓஹிப் பல்லுக்கும், 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் மருந்துக்கும் பொதுவாகப் பணம் தராது. பல்லுக்கு மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. தனியார் காப்புறுதி இல்லாத, ஆண்டு வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்த குடும்பங்களுக்கு. அதற்கு வருமான வரிப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். அதனால் வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் படிவத்தை அனுப்புங்கள். பிள்ளைகளுக்கான உதவிப் பணமும் அதன் மூலம்தான் தொடர்ந்து வரும். வசந்த காலத்தில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் இலவசமாக நிரப்பித் தருவார்கள்.

வெளியே போக

பஸ்ஸுக்கு பிரெஸ்டோ அட்டை. ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரம் எத்தனை வண்டியும் ஏறி இறங்கலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். ஸ்காபரோவின் பழைய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நின்றுவிட்டது. பழைய உறவினர் சொல்லும் வழியை நம்பி நிற்காதீர்கள், அந்தப் பாதைக்கு இப்போது பஸ். இரவு வேலை முடிந்து தனியே வருகிறவர்கள், இரவு 9 மணிக்குப் பிறகு, தரிப்பிடங்களுக்கு இடையில் உங்கள் வீட்டுக்குக் கிட்டவாக நிறுத்தச் சொல்லிச் சாரதியைக் கேட்கலாம். ஒரு தரிப்பிடம் முன்பே முன்பக்கம் போய்ச் சொல்லுங்கள். நான் இரண்டு குளிர்காலம் இப்படி இறங்கியிருக்கிறேன். பெரும்பாலான சாரதிகள் நான் நடைபாதையில் ஏறும் வரை விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

காசு செலவில்லாமல் உட்கார ஓரிடம் வேண்டும் என்றால் நூலகம். ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். முகவரி காட்டினால் அட்டை இலவசம், 2022 முதல் தாமதக் கட்டணமும் இல்லை. பல கிளைகளில் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் அலுவலர்கள் இருக்கிறார்கள், படிவம் நிரப்பவும் ஆங்கில வகுப்புக்கு அனுப்பவும் உதவுவார்கள். அப்பா 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மறுநாள் அந்தச் சாம்பலுக்குள் நடந்தவர். மல்வேர்ன் கிளையில் தமிழ் அடுக்கைக் காட்டியபோது ஒரு புத்தகத்தையும் எடுக்கவில்லை. விரலால் முதுகுகளை மட்டும் தடவிக்கொண்டு அடுக்கின் கடைசி வரை போனார். அடுத்த நாள் தனியாகவே பஸ் ஏறிப் போய்விட்டார், முதல் தடவையாக.

வேலையும் பணமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். 'பழகும் வரை சம்பளம் இல்லை' என்பது சட்டவிரோதம். பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகத் தருகிற வேலையில் அடிபட்டால், நீங்கள் அங்கே வேலை செய்ததை நிரூபிப்பதே கடினம். வேலை அனுமதிக் கடிதத்தை ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கிறவர்கள் குற்றம் செய்கிறார்கள், வாங்குகிறவர் காசையும் நிலையையும் சேர்த்து இழக்கிறார். வாகன ஓட்டுநர் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஊரிலிருந்து ஓட்டுநர் அனுபவக் கடிதம் எடுத்து வந்தால் வீதித் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் குறையும்.

கடனட்டை ஒன்றை எடுத்துச் சிறிதாகச் செலவழித்து மாத முடிவில் முழுதாகக் கட்டுங்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் கடன் புள்ளி அதிலிருந்து உருவாகும்; நாளை வீடு வாடகைக்கு எடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். வரித் திணைக்களம், பொலிஸ், குடிவரவு என்று சொல்லி யாராவது தொலைபேசியில் பணம் கேட்டால், அதிலும் பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னால், பதில் பேசாமல் வெட்டிவிடுங்கள். அரசாங்கம் பரிசு அட்டை வாங்குவதில்லை.

அந்தப் பை

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும். வீட்டிலிருந்த எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஏதோ சம்பவம் என்று எழுதியிருந்தது. பிக்கரிங் ஸ்காபரோவுக்குப் பக்கத்து ஊர். நான் கட்டிலில் இருந்தபடி செய்தியை மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தேன். கணவர் கார்ச் சாவியைத் தேடினார். பிள்ளைகள் சப்பாத்தில்லாமல் நின்றார்கள். அம்மா வாசலில் நின்றார், கோட் போட்டு, சப்பாத்துக் கட்டி, கையில் பை. வந்து எட்டு ஆண்டு ஆகியும் அது தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. மாத்திரை மட்டும் மாதாமாதம் புதிதாக மாற்றி வைத்திருந்தார்.

தவறுதலாக அனுப்பிய செய்தி அது. திருத்தி அடுத்த அலறல் வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகுதான் வாசித்துப் பார்த்தேன்: ஒவ்வொரு வீட்டிலும் 72 மணி நேரத்துக்குத் தேவையானவை ஒரு பையில் இருக்க வேண்டும் என்று கனடா அரசே சொல்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், கெட்டுப்போகாத உணவு, டார்ச், பற்றரி, மருந்து, பத்திரங்களின் பிரதி, கொஞ்சம் காசு. அணுமின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், கதிரியக்கத்திலிருந்து தைரொயிட் சுரப்பியைக் காக்கும் அயடின் மாத்திரையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். ஸ்காபரோ முழுவதும் அதற்குள் அடக்கம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் தலைமாட்டில் பை வைத்தால் எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் பையில் துவாயும் மாற்றுடுப்பும் காணி உறுதியும் அப்படியே இருக்கின்றன. டார்ச்சும் அயடின் மாத்திரையும், ஒவ்வொருவரின் ஓஹிப் அட்டையின் பிரதியும் நான் சேர்த்தவை. தண்ணீர்ப் போத்தல் பாரமாக இருக்கிறது என்று அம்மா அதை மட்டும் வாசலுக்குப் பக்கத்தில், சப்பாத்து அடுக்குக்குக் கீழே வைத்திருக்கிறார்.